நின்றே கெட்ட வண்டி

“2004 மாடல், 40 அடி, கம்மின்ஸ் டீசல் எஞ்சின். ஒரே ஓனர். 28 ஆயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது. எப்போதும் ஷெட்டுக்குள்தான் நிற்கும்.” பழைய மோட்டார்ஹோம் விற்பனைக்கு அமெரிக்காவில் வரும் விளம்பரங்கள் பலவும் இந்தச் சாயலில்தான் இருக்கும். நம் ஊர் செகண்ட் ஹேண்ட் கார் புரோக்கர், “லேடி டாக்டர் ஓட்டினது சார், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான்” என்பாரே, அதற்கும் இதற்கும் நடுவே ஒரு கடல்தான் வித்தியாசம். முதல்முறை வாங்க வருபவர் அந்த 28 ஆயிரத்தில் மயங்கிவிடுகிறார். பழைய டீசல் மோட்டார்ஹோமைப் பொறுத்தவரை, குறைந்த ஓட்டத்தைத் தகுதியாக எடுத்துக்கொள்வது தவறு. பல நேரம் முதல் சந்தேகமே அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும்.

படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனைப் பார்த்தவர்களுக்கு இந்த வண்டியின் உருவம் சட்டென்று பிடிபடும். பஸ் அளவு உடம்பு. உள்ளே ஹால், சமையலறை, குளியலறை, கடைசியில் படுக்கையறை. எஞ்சின் இருப்பது அந்தக் கட்டிலுக்கு அடியில், வண்டியின் பின்புறம். பின்னாலிருந்து தள்ளுவதால் ‘டீசல் புஷர்’ என்று பெயர். அடிச்சட்டம் பெரும்பாலும் தென் கரோலினாவின் காஃப்னியில் செய்த ஃபிரெய்ட்லைனர், அல்லது மிச்சிகனின் ஸ்பார்ட்டன். எஞ்சின் கம்மின்ஸ் அல்லது கேட்டர்பில்லர், கியர்பாக்ஸ் அல்லிசன். இந்த லாரிப் பாகங்களின் மேல் இந்தியானாவிலோ, ஓரிகனிலோ, அலபாமாவின் ரெட் பே என்ற சிற்றூரிலோ ஒரு வீட்டைக் கட்டி ஏற்றுகிறார்கள். 15 டன்னைத் தொடும் எடை. ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி.

புதிதாக 2 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய ஒன்று 20 வயதில் அதில் கால்வாசி விலைக்கும் கீழே வருவது சாதாரணம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கோடைக்கு வடக்கும் குளிருக்கு அரிசோனாவும் என்று பறவைபோல் இடம் மாறுகிற தம்பதிகளை இந்தச் சந்தைக்கு இழுப்பது அந்தச் சரிவுதான். வீட்டை விற்ற பணத்தோடு வருகிறார்கள். லாரி ஓட்டியதில்லை, லாரி வாங்கியதும் இல்லை.

அந்த 28 ஆயிரம் மைலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 20 ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 1,400 மைல், அதாவது சுமார் 2,250 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஆண்டுக்கு ஒன்றரை முறை போய்வந்த கணக்கு. இதே குடும்பத்து எஞ்சின்கள் டெலிவரி லாரியிலும் ஊர் பஸ்ஸிலும் டிராக்டரிலும் லட்சக்கணக்கான மைல் ஓடுகின்றன. அந்த எஞ்சினுக்கு 28 ஆயிரம் மைல் என்பது பால் பல் முளைக்கும் பருவம். ஆனால் வண்டியிலுள்ள ரப்பருக்கும் பசைக்கும் பேட்டரிக்கும் முழுசாக 20 வயது ஆகிவிட்டது. அவை ஓடோமீட்டரைப் பார்த்து மூப்படைவதில்லை. வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டிக்கிடக்கும் வீடு என்ன கதியாகும் என்று, கிராமத்தில் பூர்வீக வீடு வைத்துக்கொண்டு நகரத்தில் வசிக்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

முதலில் டயர். விளம்பரத்தில் “டயர் புதுசு மாதிரி இருக்கிறது” என்று போட்டிருக்கும். பொய் இல்லை, ஓடாத டயரின் பட்டன் தேயாது. ஆனால் பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசியில் நான்கு எண்கள் உண்டு. 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரித்தது. சில டயர்களில் இந்த எண் உட்பக்கம் பார்த்திருக்கும். பின்னால் ஜோடியாக இருக்கும் சக்கரங்களில் அது தெரிய, டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்கத்தான் வேண்டும். படுக்கக் கூச்சப்படுகிறவர் இந்த வண்டியை வாங்காமல் இருப்பது நல்லது. ரப்பரில் கலந்திருக்கும் பாதுகாப்பு மெழுகு, டயர் உருண்டு வளைந்து கொடுக்கும்போதுதான் மேலே கசிந்து பூசிக்கொள்ளும். நின்றே இருந்தால் வெயிலில் ரப்பர் உலர்ந்து, உள்ளங்கை ரேகைபோல வெடிப்பு ஓடும். தயாரித்து 10 ஆண்டு ஆனால் தேயாவிட்டாலும் கழற்றிவிடச் சொல்கிறது மிஷெலின். அனுபவசாலிகள் ஏழாவது ஆண்டிலேயே மாற்றிவிடுகிறார்கள். ஆறு டயருக்கு 3,000 டாலரிலிருந்து 5,000 வரை போகும். இந்த வண்டியில் ஓட்டுநருக்கு முன்னால் பானட் கிடையாது. முன் டயர் வெடித்தால் அவர் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய அதன் மேல்.

டயர் விஷயத்தில் அமெரிக்காவுக்குக் கசப்பான முன்கதை ஒன்று உண்டு. குட்இயர் நிறுவனம் 1996 முதல் 2003 வரை தயாரித்த ஜி159 என்ற டயர், ஊருக்குள் சரக்கு இறக்கும் லாரிகளுக்காக உருவானது, நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடும் மோட்டார்ஹோமுக்குப் பொருந்தாது என்று வழக்குமேல் வழக்கு வந்தது. பல வழக்குகள் ரகசிய உடன்பாட்டில் முடிந்ததால் ஆவணங்கள் ஆண்டுக்கணக்கில் வெளியே வரவில்லை. ஒரு வழக்கில் சோதனை விவரங்களை மறைத்ததற்கு விதித்த அபராதத்தை எப்படிக் கணக்கிடுவது என்ற தகராறு 2017-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2022-இல், கூட்டாட்சி சாலைப் பாதுகாப்பு அமைப்பின் நெருக்குதலுக்குப் பிறகு, 1,73,000-க்கும் மேற்பட்ட டயர்களைத் திரும்பப் பெற நிறுவனம் முன்வந்தது. டயரில் குறைபாடு இல்லை என்ற நிலையை மட்டும் அது விடவில்லை. அந்த டயர்களால் நேர்ந்த விபத்துகளில் 8 பேர் இறந்தார்கள், 69 பேர் காயமடைந்தார்கள் என்பது அரசு அமைப்பின் கணக்கு. உற்பத்தி நின்று 19 ஆண்டு கழித்து எதற்குத் திரும்பப் பெறுவது என்று கேட்கலாம். எங்காவது ஒரு ஷெட்டில், குறைந்த மைலோடு, அதே டயரில் ஒரு மோட்டார்ஹோம் இன்னும் நின்றுகொண்டிருக்கலாம் என்பதுதான் கவலை.

அடுத்தது தண்ணீர். இந்த வண்டிகளை அதிகம் கொன்றது விபத்தோ எஞ்சினோ கிடையாது, மழை. கூரை என்பது ரப்பர் விரிப்பு, அல்லது ஃபைபர்கிளாஸ் தகடு. அதில் ஏசிக்கு ஒரு ஓட்டை, காற்றுப்போக்கிக்கு ஒரு ஓட்டை, ஆன்டெனாவுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் சுற்றிப் பூசிய பசையை ஆண்டுக்கு இரண்டு முறை ஏறிப் பார்த்து, விரிசல் விட்ட இடத்தில் மறுபடி பூச வேண்டும். பயணம் போகிறவர் போகுமுன் பார்ப்பார்; ஷெட்டில் பூட்டியவர் ஏன் ஏறப்போகிறார்? சுவர்களோ ஃபைபர்கிளாஸ், மெல்லிய ப்ளைவுட், ஃபோம் என்று அடுக்கி ஒட்டியவை. உள்ளே நீர் இறங்கினால் ஒட்டு விட்டு வெளித்தகடு அப்பளம்போல் உப்பும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது வண்டியின் நீளத்துக்கு ஓரமாக நின்று பார்த்தால் அந்த உப்பல் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். நடுப்பகலில் பார்க்கப் போகிறவருக்கு அது தெரியாது.

உள்ளே மேல் அலமாரிகளின் மூலைகளில் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். மரம் விறைப்பாக இருக்க வேண்டும். ஊறிய ரொட்டிபோல் உள்வாங்கினால் விலை பேசாமல் இறங்கிவிடலாம். 1990-இல் நியூமார் நிறுவனம் பக்கச்சுவரையே வெளியே தள்ளி ஹாலை அகலமாக்கும் ஸ்லைடு-அவுட்டை மோட்டார்ஹோமில் கொண்டுவந்தது. வசதியில் அது பெரிய பாய்ச்சல்தான். நகரும் சுவர் என்றால் நகரும் கசிவும் உண்டு என்பதால் அதன் கீழ் மூலைகளில் தரையைக் காலால் மிதித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை தூக்கினால், எதை மறைக்க அத்தனை சென்ட் என்று யோசிப்பது நியாயம்.

ஃபிரிட்ஜ் தனி விசித்திரம். பழைய மோட்டார்ஹோமில் இருப்பது கேஸ் அடுப்புச் சுடரை வைத்துக் குளிர்விக்கும் வகை. கம்ப்ரஸர் இல்லை, அமோனியா கரைசலைச் சூடாக்கி ஓட்டும் ஏற்பாடு. 2006-இல் டொமெட்டிக் நிறுவனம் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபிரிட்ஜ்களைத் திரும்ப அழைத்தது. கொதிகுழாயில் விரிசல் விழுந்து தீப்பிடிக்கலாம் என்பது காரணம். பின்னர் நார்கோல்டும் இதே ரகத் தீ அபாயத்துக்காக அழைத்தது. வாங்குபவர் செய்ய வேண்டியது சுலபம்: வெளிப்பக்க மூடியைத் திறந்து, குழாய்களில் மஞ்சள் பொடி படிந்திருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் உள்ளே கசிவு. வண்டி எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைப்புகள் எல்லாம் முடித்த ரசீதுகளையும் கேட்கலாம். இரண்டும் செய்ய அரைமணி நேரம்கூட ஆகாது. ஜெனரேட்டரும் அப்படித்தான். மாதம் ஒருமுறையாவது லோடு கொடுத்து ஓட்டாவிட்டால் அது முடங்கும். அதன் மணிக்கணக்கு மீட்டரில் 20 ஆண்டுக்கு 150 மணி நேரம் என்று இருந்தால் அது பெருமைக்குரிய எண் இல்லை.

எஞ்சின் பக்கம் வந்தால், ஓட்டத்தைவிட அமைப்பும் ஆண்டும்தான் முக்கியம். ரேடியேட்டர் வண்டியின் பின்முகத்தில் இருக்கும் மாடல்களில் ஒரு பழைய தொல்லை உண்டு. எஞ்சின் மூச்சுக்குழாயிலிருந்து வரும் எண்ணெய்ப் புகையை ஃபேன் இழுத்து ரேடியேட்டர் மேல் அடிக்கும். அதில் சாலைத்தூசி ஒட்டி, ஆண்டுகள் போகப் போகக் கம்பளிபோல ஒரு படலம் விளையும். பின்னாலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும். கட்டிலைத் தூக்கி உள்ளிருந்து டார்ச் அடித்தால்தான் கம்பளி தெரியும். சமதரையில் ஒன்றும் ஆகாது. கொலராடோவில் 11 ஆயிரம் அடி உயரத்திலுள்ள ஐசன்ஹோவர் சுரங்கத்தை நோக்கி ஏறும்போது முள் சிவப்பைத் தொடும். பக்கவாட்டு ரேடியேட்டர் வண்டிகளில் இந்த வம்பு குறைவு. விலை கொஞ்சம் கூடுதல், கொடுக்கலாம். கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சினாக இருந்து, 1999 முதல் 2001 வரையிலான தயாரிப்பாகவும் இருந்தால், பிளாக்கில் 53 என்ற எண் வார்த்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அந்த வார்ப்பில் பக்கவாட்டு விரிசல் வந்த வரலாறு இருக்கிறது.

ஆண்டு விஷயத்தில் ஒரு கோடு கிழிக்கலாம். 2007-இன் மாசு விதி புகைபோக்கியில் கரித்தூள் வடிகட்டியைக் கொண்டுவந்தது. 2010-இன் விதி அதன்மேல் யூரியாக் கரைசல் தெளிக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது. அந்தக் கரைசல் 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் தண்ணீர். கரைசல் தொட்டியிலுள்ள சென்சார் பழுதானால் எஞ்சின் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு கடைசியில் மணிக்கு 5 மைலுக்கு இறங்கும். 2021, 2022 சிப் தட்டுப்பாட்டில் அந்தச் சென்சார் கிடைக்காமல், ஏராளமான மோட்டார்ஹோம்கள் பட்டறை வாசலில் வாரக்கணக்கில் நின்றன. வீடே பட்டறை வாசலில் நிற்பது என்றால் குடியிருப்பவர் எங்கே போவார்? இதனால்தான் முதல்முறை வாங்குபவருக்கு 2007-க்கு முந்தைய எஞ்சினைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். அது அதிகம் புகை கக்கும் எஞ்சின் என்பதும் உண்மை. சங்கடமான சிபாரிசுதான், ஆனால் நடுரோட்டில் நிற்காத சிபாரிசு. ஒரு நுணுக்கம்: பழைய எஞ்சின் இருப்பை வைத்துக் கட்டிய 2007, 2008 மாடல்களும் உண்டு. எனவே வண்டியின் மாடல் ஆண்டை விட்டுவிட்டு எஞ்சின் தகட்டில் பொறித்த தேதியைப் படிக்க வேண்டும்.

கம்பெனியே இல்லாத வண்டியை வாங்கலாமா என்பது அடுத்த பயம். 2009-இல் ஃப்ளீட்வுட், மோனாகோ, கன்ட்ரி கோச் மூன்றும் திவாலாயின. இந்தத் தொழிலின் தலைநகரான இந்தியானாவின் எல்கார்ட்டில் வேலையின்மை ஏறிய வேகத்தைப் பார்த்து, பதவியேற்ற சில வாரங்களிலேயே ஒபாமா அந்த ஊருக்குப் போனார். ஆனால் அந்த அனாதை வண்டிகளைப் பழிக்க வேண்டியதில்லை. கம்மின்ஸுக்கும் அல்லிசனுக்கும் ஃபிரெய்ட்லைனருக்கும் நாடு முழுக்கப் பட்டறை இருக்கிறது. ஃபிரிட்ஜ், ஜெனரேட்டர், ஹீட்டர் எல்லாம் வெளியில் வாங்கி மாட்டியவைதான். கிடைக்காமல் போவது முன் கண்ணாடி, பக்கத்தகடு, அந்த மாடலுக்கே வார்த்த பிளாஸ்டிக். கம்பெனி செத்துப்போனதால் விலை இறங்கியிருக்கிறது. கண்ணாடி உடையாத வண்டியாகப் பார்த்து எடுத்தால் அந்தச் சாவு வாங்குபவருக்கு லாபம்.

டீலரிடம் வாங்கினால் சட்டம் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய கார் விற்கும்போது ஜன்னலில் வாரன்டி விவரச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி சொல்கிறது. 8,500 பவுண்டுக்குக் குறைவான வண்டிகளுக்குத்தான் அது. 5,000 டாலர் டொயோட்டாவுக்கு ஒட்ட வேண்டிய சீட்டு, 80,000 டாலர் மோட்டார்ஹோமுக்குக் கட்டாயம் இல்லை. இந்த ஓட்டையை அடைக்க அமெரிக்க அரசு இத்தனை காலம் சிரமப்படாதது ஏன் என்பது கேட்க வேண்டிய கேள்வி. அதுவரை, பாக்கெட்டிலிருந்து செலவழித்து மோட்டார்ஹோம் ஆய்வாளர் ஒருவரையும் டீசல் மெக்கானிக் ஒருவரையும் தனித்தனியே கூட்டிப் போவதுதான் வழி. வீடு பார்ப்பவருக்கு எஞ்சின் தெரியாது. எஞ்சின் பார்ப்பவர் கூரை ஏற மாட்டார். எஞ்சின் ஆயிலை ஒரு குப்பியில் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதும் மலிவான காரியம். ஆயிலில் சோடியம் தெரிந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது, சிலிக்கன் ஏறியிருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டி மண் போயிருக்கிறது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் படிப்பது போலத்தான்.

நீளத்தில் ஆசைப்படுவது சகஜம். லைசென்ஸ் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் 40 அடியைத் தாண்டினால் தனி வகுப்பு லைசென்ஸ் வேண்டும். அதைவிடப் பெரிய பிரச்சினை, எதைப் பார்க்க வண்டி வாங்குகிறார்களோ அங்கே அது நுழையாது. மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் மலையேறும் பிரதான சாலையின் நடுப்பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடுவதில்லை. அதனால்தான் மோட்டார்ஹோம்காரர்கள் பின்னால் ஒரு சின்னக் காரைக் கட்டி இழுத்துப் போகிறார்கள். ‘டோட்’ என்று அதற்குச் செல்லப் பெயர். தேரை என்றும் இழுபடுவது என்றும் இருபொருள் படும் சொல். முதல் வண்டிக்கு 34, 36 அடி போதும்.

நல்ல வண்டிகளைக் கண்டுபிடிக்க விளம்பரத்தைவிட உரிமையாளர் சங்கங்களின் சந்திப்புகள் மேல். 1963 ஜூலையில் மெய்ன் மாநிலத்தின் ஹிங்க்லியில் சூரிய கிரகணம் பார்க்கத் தங்கள் வண்டிகளோடு கூடியவர்கள் அங்கேயே ஆரம்பித்த சங்கம் இன்றும் இருக்கிறது. அங்கே விற்பனைக்கு வருகிற வண்டிகள் சொந்தக் காலில் ஓடி வந்து நிற்பவை என்பதே பாதி நற்சான்று.

வண்டி பார்க்கப் போகும் நாளுக்கு முதல் நாளே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும்: “நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.” போனதும் கட்டிலைத் தூக்கி எஞ்சின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் காபி குடித்துவிட்டு இன்னொரு நாள் வரலாம். குளிர்ந்திருந்தால் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். வெள்ளைப் புகை சற்று நேரத்தில் தெளிய வேண்டும். நீலம் நீடித்தால் ஆயில் எரிகிறது. டேஷ்போர்டில் ஏர் பிரேக்கின் இரண்டு முள்களும் ஏறி 120-க்கு அருகே நின்று, அடியில் ‘புஸ்’ஸென்று ஒரு பெருமூச்சு கேட்கும். எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் உட்கார வேண்டும். லாரி லைசென்ஸ் தேர்வில் அனுமதிக்கும் காற்றழுத்த இறக்கம் நிமிடத்துக்கு 2 பவுண்டு. பெடலை மிதித்துப் பிடித்தால் 3.

இந்தச் சோதனையில் 92 ஆயிரம் மைல் ஓடிய வண்டி ஒன்று முள் அசையாமல் நிற்கலாம். டயரில் போன வருஷத்துத் தேதி, கூரையில் சென்ற மாதம் பூசிய பசை, முன் இருக்கைக்குப் பின்னால் ஆயில் மாற்றிய ரசீதுகள் அடுக்கிய தடித்த கோப்பு. 28 ஆயிரம் மைல் வண்டியைவிட அதற்குச் சந்தை பல ஆயிரம் டாலர் குறைத்துத்தான் மதிப்புப் போடும். குறைத்தே கேட்கலாம்.